இறங்குமிடத்திலிருந்து தொடங்குங்கள்: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் பயணிகள் கலம் அமைத்த அனுபவம்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விண்வெளிப் பறப்பு விளையாட்டை மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டது. 2015 ஏப்ரலில் வந்த அதன் 1.0 பதிப்பில் சுற்றுலாப் பயணிகள் சேர்ந்தார்கள். பணம் ஈட்டி விண்வெளி மையத்தை வளர்க்கும் ‘கேரியர்’ ஆட்டத்தில் அவர்கள் ஒப்பந்தத்துடன் வருகிறார்கள். ஒருவர் வளிமண்டலத்துக்கு வெளியே ஒருமுறை போய்வந்தால் போதும் என்பார். இன்னொருவர் கெர்பின் கோளைச் சுற்ற வேண்டும் என்பார். மூன்றாமவர் மன் நிலவில் தரையிறங்க வேண்டும் என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயணப் பட்டியல் இருக்கும். எல்லாப் பட்டியல்களின் கடைசி வரியும், உயிருடன் கெர்பினுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான்.

இந்த ஒப்பந்தங்களைப் பல ஆண்டுகளாக விரும்பி எடுத்து வருகிறேன். அறிவியல் கருவியை ஏற்றிச் செல்லும் கலத்துக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் கலத்துக்கும் உள்ள வேறுபாடு, இருக்கைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கருவியின் அளவீட்டை வானொலி வழியே அனுப்பிவிட்டுக் கருவியை அங்கேயே விட்டுவிடலாம். பயணி ஏறிய இருக்கை, போன இடமெல்லாம் போய்விட்டு வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கி மீண்டும் தரைக்கு வந்தாக வேண்டும். மேலும், இந்த விளையாட்டில் சுற்றுலாப் பயணியால் கலத்தை ஓட்ட முடியாது, வெளியே இறங்கி விண்நடை போக முடியாது, எதையும் பழுது பார்க்கவும் முடியாது. எனவே பயணிகள் கலத்தை நான் எப்போதும் பாராசூட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வடிவமைக்கிறேன்: முதலில் தரையில் இறங்கும் பகுதி, அடுத்து வளிமண்டலத்துக்குள் நுழையும் பகுதி, அதன்பின் நிலவிலிருந்து புறப்படுவதற்கான எரிபொருள், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஏவுகலம். இந்த வரிசையை மாற்றினால், பெரிய ராக்கெட் ஒன்று தயாராகிவிடும். அதன் உச்சியில் அமர்ந்திருப்பவர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்ற கேள்வி மட்டும் விடையில்லாமல் நிற்கும்.

வடிவமைப்புக்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. ஒப்பந்தப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு, யார் யாரை ஒரே கலத்தில் ஏற்றலாம் என்று பிரிப்பதே அந்த வேலை. மிஷன் கன்ட்ரோல் கட்டடம் முதல் நிலையில் இருக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு ஒப்பந்தங்களைத்தான் ஏற்க முடியும். இரண்டாம் நிலைக்கு உயர்த்தினால் ஏழு வரை ஏற்கலாம். பயணிகள் போக்குவரத்தில் உண்மையான வருவாய் இந்த உயர்வுக்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் கருத்து. ஏனெனில் அப்போதுதான் வெவ்வேறு ஒப்பந்தங்களில் வந்தவர்களை ஒரே பயணத்தில் சேர்க்க முடிகிறது. வழித்தடப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போகும்போது இடையில் உள்ள ஊர்க்காரர்களையும் சேர்த்து ஏற்றுவது போல, மின்மஸ் நிலவில் இறங்கப் போகும் கலம் கெர்பின் சுற்றுப்பாதையை மட்டும் கேட்டவரையும் கூடவே அழைத்துப் போகலாம். கெர்பினின் சுற்றுப்பாதையை எட்டும்போதே அவருடைய வரிகளில் குறி விழுந்துவிடும். ஆனால் அந்த இருக்கையின் எடையை நிலவு வரை சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். காலியாகப் போகவிருந்த இருக்கைக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும், அவருக்காகப் புதிய அறை ஒன்றைச் சேர்ப்பது வீண்.

யாரை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கத் தொலைவைப் பார்க்கக் கூடாது; டெல்டா வி எனப்படும் திசைவேக மாற்றத்தைப் பார்க்க வேண்டும். கலம் தன் எரிபொருள் முழுவதையும் செலவழித்துத் தன் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதே அந்த அளவு. கெர்பினின் தரையிலிருந்து தாழ்ந்த சுற்றுப்பாதைக்குச் செல்ல வினாடிக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் வேண்டும். அங்கிருந்து மன் நிலவை நோக்கிப் புறப்பட 860, அதன் தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைகொள்ள 310, தரையிறங்க 580 தேவைப்படும். மின்மஸ் நிலவு கெர்பினிலிருந்து 47,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. மன் 12,000 கிலோமீட்டரில் சுற்றுகிறது. ஏறத்தாழ நான்கு மடங்கு தொலைவில் இருந்தும், மின்மஸை நோக்கிப் புறப்பட 930, சுற்றுப்பாதையில் நிலைகொள்ள 160, தரையிறங்க 180 மட்டுமே ஆகிறது. திரும்பி வரும் செலவையும் கூட்டினால், தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து மன் நிலவில் இறங்கி வர ஏறத்தாழ 2,640, மின்மஸில் இறங்கி வர ஏறத்தாழ 1,610. மின்மஸில் இறங்கித் திரும்பும் செலவு, மன் நிலவை இறங்காமல் சுற்றிவிட்டு வரும் 1,480க்கு மிக அருகில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டு வகைப் பயணங்களையும் ஒரே வடிவக் கலத்தால் நடத்தலாம். என் பயணிகள் போக்குவரத்தின் பெரும்பகுதி இந்த ஒற்றுமையின் மீதுதான் நிற்கிறது.

அந்தக் கலத்தின் கணக்கைச் சொல்கிறேன். உச்சியில் ஒருவர் அமரும் எம்கே1 கட்டளைக் கூண்டு. அதன் கீழே இருவர் இருவராக அமரும் எம்கே1 பயணியர் அறைகள் இரண்டு. அதன் கீழே 1.25 மீட்டர் விட்டமுள்ள வெப்பக் கவசம். உச்சியில் ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாகப் பாராசூட்டுகள். பிரிப்பான், சூரியத் தகடுகள், தரையிறங்கும் கால்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் சுமார் 3.7 டன் வரும். இதன் கீழே எப்எல்-டி400 தொட்டிகள் இரண்டையும் டெரியர் பொறி ஒன்றையும் பொருத்தினால் மொத்தம் 8.7 டன், அதில் 4 டன் எரிபொருள். பொறி எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும் உந்துத்திறன், வெற்றிடத்தில் டெரியருக்கு 345 வினாடி. சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால் வினாடிக்கு 2,000 மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கிறது. மின்மஸ் பயணத்துக்குத் தேவையான 1,610 போக நானூறு மீட்டருக்கு மேல் மிச்சமிருக்கிறது. மின்மஸின் பாதை ஆறு பாகை சாய்ந்திருப்பதால் பாதையின் தளத்தைத் திருத்தவும், இறங்குமிடம் பிடிக்காவிட்டால் சற்றுத் தள்ளிப் போகவும் அந்த மிச்சம் கைகொடுக்கும். 2018 டிசம்பரில் வந்த 1.6 பதிப்பு முதல் டெல்டா வி அளவை விளையாட்டே காட்டுகிறது. இருந்தாலும் ஒருமுறையாவது காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு, எந்த ஒரு டன் எங்கே எவ்வளவு செலவு வைக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும்.

இருக்கையின் எடை பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எம்கே1 பயணியர் அறை 1 டன் எடையில் இருவரைத் தாங்குகிறது. ஓர் இருக்கைக்கு அரை டன். 2.5 மீட்டர் விட்டமுள்ள ஹிட்ச்ஹைக்கர் அறை 2.5 டன் எடையில் நால்வரைத் தாங்குகிறது; ஓர் இருக்கைக்கு 0.625 டன். கட்டளைக் கூண்டுகளில் ஓர் இருக்கை 0.8 டன்னுக்கு மேல் போகிறது. ஆகவே பயணிகளைக் கட்டளைக் கூண்டில் அமர்த்துவது வசதியாகத் தோன்றினாலும் எடைக் கணக்கில் அது நட்டம். அந்த எடை திரும்பி வரும் எடை என்பதால், ஏவுதளத்தில் அது பல மடங்காகப் பெருகி நிற்கும்.

அடுத்த கேள்வி, கலத்தை யார் ஓட்டுவது என்பது. ஒரு விமானிக்கு இருக்கை ஒதுக்கலாம். அல்லது தானியங்கி மூளையைப் பொருத்திவிட்டு எல்லா இருக்கைகளையும் பயணிகளுக்கே கொடுக்கலாம். உண்மை உலகமும் இந்த இரண்டு வழிகளையும் கண்டிருக்கிறது. 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ தம் சொந்தப் பணத்தில் விண்வெளிக்குப் போனபோது, மூன்று இருக்கைகள் கொண்ட சோயுஸ் கலத்தில் அவருடன் இரண்டு தொழில்முறை வீரர்கள் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன்4 பயணத்தில் டிராகன் கலம் தானாக இயங்க, நால்வரும் தனியார் பயணிகளாகவே போய்வந்தார்கள். விளையாட்டில் இரண்டாம் வழி லாபமானதாகத் தெரியும். ஆனால் அதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்றை நிலவுப் பயணத்துக்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டும். 2016இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, தானியங்கி மூளைக்குத் தரையுடன் தகவல் தொடர்பு தேவை. நிலவைச் சுற்றிப் பாதையில் நிலைகொள்ள வேகத்தைக் குறைக்கும் இடமோ, பெரும்பாலும் நிலவின் மறுபக்கத்தில்தான் அமைகிறது. அங்கே கெர்பின் மறைந்துவிடும், தொடர்பும் அறுந்துவிடும். அந்த நிலையில் பொறியை முழு வேகத்தில் இயக்கவோ நிறுத்தவோதான் முடியுமே தவிர, அளவாக இயக்கவோ புதிய பாதைமாற்றத்தைத் திட்டமிடவோ முடியாது. எனவே விமானி இல்லாத பயணிகள் கலத்தை நிலவுக்கு அனுப்புவதற்கு முன், தகவலை எதிரொலிக்கும் துணைக்கோள்களை அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்தச் செலவு ஒருமுறைக்குரியது. பல பயணங்களில் அது திரும்பி வந்துவிடும்.

நான் இறுதியில் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு வந்துவிட்டேன். விமானியும் இருப்பார், சிறிய தானியங்கி மூளையும் இருக்கும். ஆட்ட அமைப்பில் ஜி-விசை வரம்பை, அதாவது வேகம் சட்டென மாறும்போது உடல் தாங்கும் அழுத்தத்தின் வரம்பைச் செயல்படுத்தி விளையாடுபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஏனெனில் வளிமண்டலத்துக்குள் கடுமையாக நுழையும்போது விமானி மயங்கிவிட்டால், கலத்தைப் பிடித்து நிறுத்த வேறு ஆள் கிடையாது. புதிய விமானியால் கலத்தை ஒரு திசையில் நிலையாக வைத்திருக்க மட்டுமே முடியும். அனுபவத்தில் ஒரு படி ஏறியவரால்தான் பயணத் திசையையும் அதற்கு எதிர்த் திசையையும் தானாகப் பிடிக்க முடியும். ஹெக்ஸ் என்னும் தானியங்கி மூளைக்கும் அதே திறன் உண்டு என்பதால், அனுபவமற்ற விமானியை இத்தகைய பயணங்களில் பழக்குவதற்கும் இது உதவுகிறது.

இனி, நான் அதிகக் கவலை கொள்ளும் கட்டத்துக்கு வருகிறேன்: வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைவது. கெர்பினின் வளிமண்டலம் 70 கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலம் வினாடிக்கு ஏறத்தாழ 2,300 மீட்டர் வேகத்தில் அதைத் தொடும். நிலவிலிருந்து திரும்பும் கலம் 3,100 மீட்டருக்கு மேல். தணிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. தனி ஒருவர் அமரும் கட்டளைக் கூண்டு, அகன்ற அடிப்பாகமும் குறுகிய உச்சியும் கொண்டிருப்பதால், கவசம் முன்னே வருமாறு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அதன் கீழே பயணியர் அறைகளை அடுக்கியவுடன் கலம் நீண்ட குழாயாகிவிடுகிறது. எடையின் மையம் கவசத்தை விட்டு மேலே ஏறுகிறது. காற்று தடிக்கத் தொடங்கும் 40 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே கலம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறது. அப்படித் திரும்பினால் அனல் நேராகப் பயணியர் அறையின் சுவரில் அடிக்கும். கட்டளைக் கூண்டு தாங்கும் வெப்பத்தை அந்த அறைகள் தாங்குவதில்லை.

இதைத் தடுக்க மூன்று வழிகளைச் சேர்த்தே பயன்படுத்துகிறேன். எடை மிகுந்த பொருள்களையெல்லாம் கவசத்துக்கு அருகில் வைப்பது முதலாவது. மின்கலம், கலத்தின் திசையைத் திருப்பும் சுழல் சக்கரம் போன்றவை உச்சியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, காற்றைப் பிடிக்கும் பரப்பை உச்சிக்கு அருகில் வைப்பது. பக்கவாட்டுப் பாராசூட்டுகளை மேலே பொருத்துவதும், கிடைக்குமானால் காற்றுத் தடுப்புகளை அங்கே வைத்து விரிப்பதும் கலத்தின் பின்முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, சுழல் சக்கரங்களுக்குப் போதுமான மின்சாரத்தை இறங்கும் நேரத்துக்கென்று மிச்சம் வைப்பது. சூரியத் தகடுகளைக் கீழ்ப்பகுதியில் பொருத்தியிருந்தால், அந்தப் பகுதியைக் கழற்றிய கணத்திலிருந்து மின்சாரம் வராது என்பதை வடிவமைக்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நுழையும் கோணத்தைப் பொறுத்தவரை, நிலவிலிருந்து திரும்பும் பாதையின் தாழ்புள்ளியை 30 முதல் 35 கிலோமீட்டருக்குள் வைப்பது எனக்கு நம்பகமாக இருந்து வருகிறது. அதைவிட மிகவும் தாழ்த்தினால் வேகம் சில நொடிகளில் குறைந்து, பயணிகள் மீது அழுத்தம் ஏறுகிறது. மிகவும் உயர்த்தினால் கலம் காற்றை உரசிவிட்டு மீண்டும் வெளியே போய், இன்னொரு சுற்றுக்குப் பிறகே திரும்புகிறது. அப்படி இரண்டு சுற்றில் இறங்குவதிலும் தவறில்லை. கவசத்தில் எரிந்து தேய்ந்து வெப்பத்தைத் தணிக்கும் பூச்சு மிச்சமிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. புதிய வடிவக் கலத்தை முதலில் ஆளில்லாமல் ஏவி, சுற்றுப்பாதையிலிருந்து வேண்டுமென்றே செங்குத்தாக இறக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். அந்தச் சோதனையின் செலவு, பயணி ஒருவரை இழந்து ஒப்பந்தமும் நற்பெயரும் போவதைவிட மிகவும் குறைவு. எனக்குப் பணக் கணக்கைவிட அந்தப் பயணியின் பெயர்தான் பெரிதாகத் தோன்றுகிறது. பெயர் சொல்லி நம்பி ஏறியவரைக் கொண்டுவந்து சேர்ப்பதே இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

சுற்றுப்பாதையை எட்டாத குறும்பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஏவுதளம் 18 டன்னையும், கலம் கட்டும் கூடம் முப்பது பாகங்களையும் மட்டுமே அனுமதிப்பதால், திட எரிபொருள் பொறியே அப்போது மலிவான வழி. திடப் பொறியை இடையில் நிறுத்த முடியாது. எரிபொருள் தீரத் தீரக் கலம் இலகுவாகி, முடுக்கம் ஏறிக்கொண்டே போகும். கட்டும்போதே அதன் உந்துவிசையைக் குறைத்து வைத்தால் பயணிகளுக்கும் நல்லது, கீழ்க் காற்றில் வீணாகும் ஆற்றலும் குறையும்.

மன் நிலவில் தரையிறங்கும் பயணத்துக்கு மேலே சொன்ன கலம் போதாது. தொட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. ஆனால் வெப்பக் கவசத்தையும் பாராசூட்டுகளையும் நிலவின் தரை வரை இறக்கி மீண்டும் தூக்குவதில் என்ன பயன் என்று கேட்டால், 1962இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அப்பல்லோவுக்காகத் தேர்ந்தெடுத்த அதே விடைதான் கிடைக்கும்: திரும்பும் கூண்டு நிலவின் சுற்றுப்பாதையிலேயே காத்திருக்கட்டும், இலகுவான இறங்குகலம் மட்டும் கீழே போய்வரட்டும். இரு கலங்களும் இணைந்திருக்கும்போது சுற்றுலாப் பயணிகளை உள்வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற விளையாட்டு அனுமதிக்கிறது. இறங்குகலத்தை அங்கேயே விட்டுவைத்து, அடுத்த பயணத்தில் எரிபொருள் நிரப்பிப் பயன்படுத்தலாம். அதற்குப் பின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஏவ வேண்டிய எடை வெகுவாகக் குறைகிறது. ஆனால் விமானி இறங்குகலத்தில் போய்விட்டால், மேலே காத்திருக்கும் தாய்க்கலத்தில் பயணிகள் மட்டும் மிஞ்சக்கூடும். அதில் தானியங்கி மூளையும் சூரியத் தகடும் இல்லாவிட்டால், இணைவதற்காக அதைத் திருப்பக்கூட ஆள் இருக்காது. இறங்குகலத்தைக் குட்டையாகவும் அகலமாகவும் கட்டுங்கள். மன் நிலவின் பள்ளச் சரிவுகளில் உயரமான கலம் நிற்பது கடினம். மின்மஸில் இந்தக் கவலை குறைவு. அங்குள்ள உறைந்த ஏரிப் பரப்புகள் தட்டையானவை, ஈர்ப்பும் கெர்பினில் உள்ளதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

சூரியனைச் சுற்ற வேண்டும் என்று கேட்கும் பயணிகளைப் பலர் தள்ளிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டால் மிக நெடிய பயணம் போலத் தோன்றுவதே காரணம். கெர்பினின் ஈர்ப்பு எல்லை 84,000 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் முடிகிறது. அதைத் தாண்டியவுடன் கலம் சூரியனைச் சுற்றுவதாகக் கணக்கில் ஏறிவிடும். தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து அந்த எல்லையைத் தாண்ட வினாடிக்கு 950 மீட்டர் அளவே போதும். எல்லையைக் கடந்த உடனே, விலகிப் போகும் வேகம் குறைவாக இருக்கும்போதே கெர்பினை நோக்கித் திரும்பிவிட்டால், மின்மஸுக்காகக் கட்டிய கலமே எரிபொருளை மிச்சம் வைத்துக்கொண்டு வீடு திரும்பும். சில நாள் தாமதித்தால் விலகல் பெருகித் திரும்பும் செலவு ஏறும் என்பதால், எல்லையைக் கடக்கும் நேரத்துக்கு நினைவூட்டல் வைத்துக்கொண்டு காலத்தை வேகப்படுத்துங்கள்.

ஏவுவதற்கு முன் இருக்கைப் பட்டியலைத் திறந்து பார்ப்பதை ஒருபோதும் விடுவதில்லை. கட்டளைக் கூண்டில் விமானியை விளையாட்டு தானாக அமர்த்திவிடும். பயணிகளையோ நாமே ஒவ்வொருவராக அமர்த்த வேண்டும். எல்லோருக்கும் கெர்மன் என்ற ஒரே குடும்பப் பெயர் இருப்பதால், முதற்பெயரை ஒப்பந்தத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அமர்த்துகிறேன். கலத்தின் பெயரிலேயே அந்தப் பயணத்தின் மிக நெடிய இலக்கை எழுதிவைக்கிறேன். பல கலங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிலவுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, எது யாரை எங்கே இறக்க வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். தரையிறங்கும்போது கடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீண்ட கலம் மலைச்சரிவில் இறங்கினால் உருண்டுகொண்டே இருக்கும். அது அசைவற்று நிற்கும் வரை மீட்பு ஆணையைக் கொடுக்க முடியாது. ஏவுதளத்துக்குக் கிழக்கே உள்ள கடலில் இறக்கப் பழகிக்கொண்டால், கலத்தின் விலையில் பெரும்பகுதியும் திரும்பக் கிடைக்கும்.